மலைநாட்டில் தேனீ வளர்ப்பு: புதியவர்கள் சங்கத்தில் சேர்ந்து பழகுக

தேனீ வளர்க்க விரும்பும் கமக்காரர் பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு பெட்டியை வாங்குவதே. பெட்டியை வீட்டின் பின்புறத்தில் வைத்து, எங்கிருந்தோ ஒரு தேனீக் குடும்பத்தைப் பிடித்து வந்து அதனுள் விடுகிறார். ஆவலினால் நாள்தோறும் மூடியைத் திறந்து பார்க்கிறார். சில நாள் கழித்துப் பார்க்கும்போது பெட்டி வெறுமையாய்க் கிடக்கிறது. ஈக்கள் தம் இராணியுடன் காட்டுக்குப் போய்விட்டன. பின்னர் அப்பெட்டி கோழி முட்டையிடப் பயன்படுகிறது. "தேனீ நமக்குச் சரிவராது" என்ற பேச்சும் அவ்வூரில் நிலைத்துவிடுகிறது.

இதில் தேனீயின் குற்றம் ஒன்றுமில்லை. நம் நாட்டில் வளர்க்கப்படுவது ஏப்பிஸ் செரானா எனப்படும் ஆசியத் தேனீயாகும். மரப்பொந்து, பாறையிடுக்கு, கறையான் புற்று ஆகிய இருண்ட இடங்களில் பல அடைகளை வரிசையாகக் கட்டி வாழ்வது இதன் இயல்பு. கிராமத்தவர் பழைய மண்முட்டியைக் கூரையோரத்தில் தொங்கவிட்டு இதனைக் குடியேற்றி வந்தமை பலரும் அறிந்ததே. பசி, எறும்பு, மெழுகுப்பூச்சி, ஓயாத தொந்தரவு இவற்றுள் ஒன்று மிகுந்தாலும் இத்தேனீ கூட்டை விட்டு அகன்றுவிடும். ஐரோப்பியத் தேனீ இவ்வளவு எளிதில் ஓடுவதில்லை. ஆதலால், அதனைக் கருதி எழுதப்பட்ட பிறநாட்டு நூல்களை மட்டும் படித்துவிட்டு இத்தொழிலில் இறங்குவோர் ஏமாற்றமடைகின்றனர். பெட்டியை எப்பொழுது திறப்பது, எப்பொழுது திறவாதிருப்பது என்பதை அனுபவமுள்ள ஒருவரின் அருகில் நின்றே கற்க வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் வேறொரு தடையும் உண்டு. அது அச்சம். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கு இலக்காகி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் செய்தி ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அடிக்கடி கேட்கப்படுவது. உயிரிழந்தோரும் உளர். ஆனால் குளவி என்னும் அச்சொல் தோட்டப் பேச்சில் பலவற்றையும் குறிக்கின்றது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகப்பிலும் ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுவது மலைத்தேனீ. சிங்களத்தில் அதனைப் பம்பரா என்பர். காகிதம் போன்ற கூடு கட்டுவது உண்மையான குளவி. இவ்விரண்டும் பெட்டியில் வளர்க்கத் தக்கவையல்ல. இவற்றின் கூட்டுக்குக் கல்லெறிதலும் அருகில் புகையிடுதலும் பேராபத்து. பெட்டித் தேனீயோ உருவிற் சிறியது. முறையாகக் கையாண்டால் சாதுவானது. அதுவும் கொட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி மேலும் நஞ்சைச் செலுத்துமாதலால், தாமதியாது நகத்தாற் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறலோ, உடலெங்கும் தடிப்போ, முகவீக்கமோ காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. முன்னர் அவ்வாறு நேர்ந்தவர் வைத்தியரைக் கேளாமல் இத்தொழிலில் இறங்குதல் கூடாது.

சங்கத்திற் சேர்ந்த புதியவர் முதற் பருவத்தில் சொந்தப் பெட்டி வாங்காதிருப்பதே நன்று. அனுபவமுள்ள அங்கத்தவரின் பெட்டியருகே பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். வாயிலின் முன் நிற்பது ஈக்களின் வழியை மறிப்பதாகும். வெயில் தெளிந்த முற்பகலில் புகைக்குழலால் இரண்டு மூன்று முறை மெல்லப் புகையூட்டி, சட்டங்களை ஒவ்வொன்றாக நேரே தூக்கிப் பார்க்கப் பழகுக. முட்டை எது, புழு எது, மூடிய அறை எது, மகரந்தம் எது, தேன் எது என வேறுபாடு அறிவதே முதற் பாடம். இராணி முட்டையிட்ட நாள் தொட்டு வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறக்குறைய 19 நாட்கள் செல்லும். இராணியைக் கண்ணாற் காணவேண்டிய அவசியமில்லை. அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் புதிய முட்டை தென்பட்டால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று கொள்ளலாம். அவளைத் தேடித்தேடியே குடும்பத்தைக் கலைத்தவர்கள் பலர்.

சங்கத்தின் வழியாக இத்தொழில் தமிழரிடையே எவ்வாறு வேரூன்றியது என்பதற்குத் தென்தமிழ்நாட்டின் மார்த்தாண்டம் சிறந்த சான்று. 1910 முதல் ஏழெட்டு ஆண்டுகளில் நியூட்டன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், நம் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை அமைத்துத் தென்னிந்தியக் கிராமத்தவருக்குப் பயிற்சியளித்தார். அவர் பெயரால் வழங்கும் பெட்டி இன்றும் பயன்படுகின்றது. 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் தொடங்கிய கிராமப் புனரமைப்பு நிலையம் ஏழை விவசாயிகளுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தது. 1937இல் அங்குத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தனித்தனியே சிறிதளவு தேன் எடுத்தோர் அதனை ஒன்றுசேர்த்து விற்க வழி பிறந்தது.

அவ்வூர் வரலாற்றில் துயரமும் உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரசு நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவிப் பெரும்பாலான குடும்பங்களை அழித்துவிட்டது. புழு, தலையை உயர்த்தியவாறு நீர் நிறைந்த பைபோல் அறையினுள் இறந்து கிடப்பது இந்நோயின் அடையாளம். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய்ப் பெட்டியின் அடையை நல்ல பெட்டியில் வைப்பதே இதனைப் பரப்பும் எளிய வழி. எனவே தம் பெட்டியில் புழு இறப்பதைக் கண்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், அன்றே மற்ற அங்கத்தவர்க்கு அறிவிக்க வேண்டும்.

இனி, மரக்கறிப் பயிர் செய்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தியொன்று. ஆடு மாடுகளுக்கு வேலியிடலாம், தேனீக்கு வேலியில்லை. அது கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம் சென்று இரை தேடும். அத்தூரத்தை எல்லையாகக் கொண்டு வட்டம் வரைந்தால் 775 ஏக்கருக்கு மேலாகும். உம்முடைய தேனீ உம்முடைய நிலத்தில் மேய்வதில்லை. அயலார் எல்லாருடைய நிலத்திலும் மேய்கின்றது. அவர்களுள் ஒருவர் காலை பத்து மணிக்குப் பூத்த பூசணிக்குப் பூச்சிநாசினி தெளித்தால், மாலையில் உமது பெட்டியின் முன்னே செத்த ஈக்கள் குவிந்து கிடக்கும். அவர்மேல் சினம் கொள்வதால் பயனில்லை. பெட்டி இருப்பதே அவருக்குத் தெரியாதிருக்கலாம். தெளிக்கும் அயலாரையும் சங்கத்தில் அங்கத்தவராக்குவதே ஏற்ற வழி. பூத்திருக்கும் பயிருக்குத் தெளியாமை, தவிர்க்க முடியாவிடின் ஈக்கள் கூடடைந்தபின் மாலையில் தெளித்தல், முதல்நாளே அறிவித்தல் ஆகிய மூன்றுக்கும் அவர் இசைந்தால் போதும். பாத்தி ஓரத்துக் களைகள் பூத்திருந்தால் அவற்றின் மீதும் மருந்து படலாகாது.

அயலார் "எனக்கென்ன இலாபம்?" என்று கேட்பார். உண்மையையே கூறுக. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அது காற்றாலும் தன் மகரந்தத்தாலும் மணிபிடிக்கும். போஞ்சிக்கும் பெரிதும் தேவையில்லை. கோவா, லீக்ஸ், கரட் ஆகியவற்றைப் பூக்குமுன்னரே அறுவடை செய்கிறோம். விதைக்கு விடும்போதுதான் தேனீயின் உதவி வேண்டும். ஆயின் பூசணி, வெள்ளரி, பாகல், சௌசௌ போன்ற கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஈக்கள் வாராவிடின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். தங்கியவையும் கோணலாய்க் காய்க்கும். கொடி பயிரிடுவோர் இதனை எளிதில் உணர்வர்.

மலைநாட்டின் பசுமையைக் கண்டு புதியவர் மயங்கலாகாது. கொழுந்து பறிக்கப்படும் தேயிலை அதிகம் பூப்பதில்லை. பல ஏக்கர் தேயிலையின் நடுவே வைத்த பெட்டி பட்டினி கிடக்கக்கூடும். தோட்டங்களில் சவுக்கு என வழங்கும் கிரவில்லியா மரமும், டர்பன்டைன் என வழங்கும் யூக்கலிப்டஸ் மரமுமே இங்குத் தேன் தருவன. ஓடைக்கரைக் காடும் வீட்டுத்தோட்டமும் ஓரளவு உதவும். காலமும் இடத்துக்கிடம் மாறும். வைகாசி தொட்டு ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்ய, ஈக்கள் வெளியேற இயலாது வாடும். அதே மாதங்களில் மலைக்கு அப்பால் பண்டாரவளைப் பக்கத்தில் கச்சான் காற்று வீசி வெயில் காய்கிறது. அங்கு யூக்கலிப்டஸ் பூத்துத் தேன் வடிக்கும். ஓரிடத்து நாட்காட்டியை மற்றோரிடத்துக்குக் கொள்ளலாகாது என்பதற்காகவே இதனைக் கூறினோம். மழைப்பக்கத்தார் அக்காலத்தில் சீனியும் நீரும் சம அளவில் கலந்த பாகைப் பொழுது சாய்ந்தபின் பெட்டியினுள் வைக்க வேண்டும். வெளியே சிந்தினால் அயற்பெட்டி ஈக்கள் கொள்ளையிட வரும். பெட்டியின் கால்களை நீர்நிறைந்த சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

முதலாண்டில் சில போத்தல் தேனுக்கு மேல் எதிர்பார்த்தல் தகாது. அடையின் பெரும்பகுதி மூடப்பட்ட பின்னரே தேன் எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் மிகுந்திருப்பதால் நம் ஈரக்காற்றில் விரைவிற் புளித்துவிடும். தேன் பிரிக்கும் கருவியை ஒவ்வொருவரும் வாங்குவது வீண்செலவு. சங்கத்துக்கு ஒன்று இருந்தால் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

லயங்களில் வாழ்வோருக்கு நிலமில்லாமை இத்தொழிலுக்குத் தடையன்று. ஆயினும் பெட்டி வைக்கும் இடத்துக்குத் தோட்ட நிருவாகத்தின் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் விளையாடுமிடத்துக்கும் கொழுந்து மலைப் பாதைக்கும் விலகிய இடங்களை முன்னரே குறித்துக்கொண்டு சங்கமாகச் சென்று கேட்டல், தனியொருவர் கேட்பதினும் பயன் தரும்.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு உள்ளது. அங்குப் பயிற்சி பெற விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம். சங்கமில்லாத ஊரில் ஐந்தாறு பேர் கூடி, அவர்களுள் பொறுமை மிகுந்த ஒருவரை முதலில் அனுப்புக. அவர் திரும்பி வந்து ஒரு பெட்டியை ஓராண்டு நடத்தட்டும். ஏனையோர் அப்பெட்டியிலேயே பழகிக்கொள்ளலாம்.