பழுது பார்த்த பின் வரும் பழுது



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். காக்கை வந்து அமர்ந்தது, பழம் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது உண்மை. ஆனால், முன்னதனால்தான் பின்னது நிகழ்ந்ததா என்பது வேறு வினா. பல்லாண்டுகள் வகுப்பறையில் இப்பழமொழியை விளக்கியவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், என்னுடைய சிறிய கார் எனக்கே அதை மீண்டும் கற்பித்தது.

நான் கள்ளக்குறிச்சியில் வாழ்கிறேன். மாதம் ஒரு முறை கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது என் வழக்கம். இளம் ஆசிரியர் இருவரும் என்னுடன் வருவார்கள். ஒருநாள் மாலை, மலையிலிருந்து இறங்கி ஊர் திரும்பும்போது, பின்விளக்கு இல்லாத கரும்பு வண்டி ஒன்று இருளில் எதிர்ப்பட்டது. அதில் மோதாமல் ஒதுங்கினேன். காரின் முன் இடச்சக்கரம் சிறுபாலத்தின் கல்லில் மோதியது. எங்களுக்குக் காயம் இல்லை. காருக்குத்தான் காயம்.

பட்டறையில் இரண்டு வாரம் இருந்து, புது வண்ணம் பூசிக்கொண்டு கார் திரும்பி வந்தது. பார்ப்பதற்குப் புதிய கார் போலவே இருந்தது. ஆனால், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஓட்டியபோது இரண்டு குறைகளைக் கண்டேன். ஒன்று, கார் ஓயாமல் இடப்பக்கம் இழுத்தது. மற்றொன்று, மேடு பள்ளங்களில் பின்புறமிருந்து கடகடவென ஓர் ஓசை எழுந்தது. சினத்துடன் பட்டறைக்குச் சென்று, “இரண்டும் உங்கள் வேலையின் குறைகள்” என்றேன்.

பட்டறைத் தலைவர் பின்கதவைத் திறந்தார். கம்பளியை விலக்கினார். சக்கரம் மாற்றும்போது காரைத் தூக்கும் ஜாக்கி அங்கே பிடிப்பின்றி உருண்டுகொண்டிருந்தது! முந்தைய மாதம் டயர் மாற்றியபோது அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டவன் நானே. ஓசை என் குற்றம். அவர் புன்னகையுடன், “இழுப்பும் அப்படித்தான் ஐயா, சாலை ஓரம் சரிவாக இருக்கும், அதனால் இழுக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆராயாமல் இரண்டு குற்றம் சுமத்தினேன். ஒன்று பொய்யானதும் மற்றொன்றின் மதிப்பும் போயிற்று. தலைகுனிந்து வீடு திரும்பினேன்.

ஆயினும் அவருடைய விடையும் ஆராய்ந்து கூறிய விடையன்று. எனவே, மாணவனைப் போலக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

கார் நேராக ஓடுவது எதனால் என்பதை முதலில் காண்போம். முன்சக்கரங்கள் மூன்று கோணங்களில் அமைந்துள்ளன. மேலிருந்து பார்த்தால், இரு சக்கரங்களும் ஏறக்குறைய இணையாக நிற்கவேண்டும். இது டோ எனப்படும். ஒரு சக்கரம் தான் செல்லும் திசையிலிருந்து ஒரு பாகை திரும்பி நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு செல்வதற்கு அது ஒப்பாகும். முன்னிருந்து பார்த்தால், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் சாய்வு கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். உங்கள் சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். அது செங்குத்தாக இராமல் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு, திரும்பிய சக்கரத்தை மீண்டும் நேராக்க உதவுகிறது. காரில் இடச்சக்கரத்தின் கேஸ்டர் குறைந்து, வலச்சக்கரத்தின் கேஸ்டர் குறையாமல் இருந்தால், கார் இடப்பக்கம் இழுக்கும்.

ஆனால், இழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சாலைச் சரிவு, காற்றழுத்தம், டயரின் குறை, விடுபடாத பிரேக் ஆகியவை அவை. ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஆகையால் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

முதலில் சாலைச் சரிவு. நம் சாலைகள் நீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பது உண்மையே. நண்பர் ஒருவரின் அரிசி ஆலையில், நெல் உலர்த்தும் நீண்ட சிமெண்டுக் களம் ஆளின்றிக் கிடந்தது. அதில் வடக்கு நோக்கி மெதுவாக ஓட்டினேன். பிறகு அதே கோட்டில் தெற்கு நோக்கி ஓட்டினேன். களத்தின் சரிவுதான் காரணமாயின், போகும்போது இடப்பக்கம் இழுத்த கார் வரும்போது வலப்பக்கம் இழுக்கவேண்டும் அன்றோ? இரு முறையும் கார் இடப்பக்கமே இழுத்தது. சரிவு குற்றமற்றது என்று தெரிந்தது.

அடுத்து, நான்கு டயர்களிலும் கையேட்டில் சொன்ன அளவு காற்றை நிரப்பினேன், மாற்றமில்லை. பிறகு முன்சக்கரம் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டச் செய்தேன். குறை டயரில் இருந்தால், இழுப்பும் திசை மாறும், மாறவில்லை. பின்னர், பிரேக்கை அதிகம் அழுத்தாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் கையை அருகே கொண்டு சென்று சூட்டை ஒப்பிட்டேன். விடுபடாத பிரேக் தன் சக்கரத்தை மற்றதைவிடச் சூடாக்கும். இரண்டும் ஒரே அளவுதான்.

இறுதியாகத் தச்சரின் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வந்தேன். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் நூலைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தேன். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது! கல்லில் மோதிய சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

வேறோர் இடத்தில் கணினிப் பொறியில் அளக்கச் செய்து அச்சுத்தாள் பெற்றேன். டோ சரியாக இருந்தது. இடச்சக்கரத்தின் கேஸ்டர் மட்டும் ஒரு பாகைக்கு மேல் குறைந்திருந்தது. சிறு கார்கள் பலவற்றில், இம்மூன்று கோணங்களுள் டோ ஒன்றையே திருகித் திருத்த இயலும். மற்றவை பிழைபட்டால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது என்பதே பொருள். வளைந்திருந்தது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்னும் கீழ்க்கை. பட்டறையில் அதை மாற்றாமல், திருத்தக்கூடிய கோணத்தை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1978 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள், ஒசாகாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் வால் தரையில் உரசியது. பின்புறத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச் சுவர் பழுது பார்க்கப்பட்டது. ஒரே தகடாக இருக்கவேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாகப் பொருத்திவிட்டார்கள்; அதனால் இரண்டு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய சுமையை ஒரு வரிசையே தாங்கியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஏழு ஆண்டுகள் அது பறந்தது. 1985 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள், டோக்கியோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் அந்தச் சுவர் பிளந்தது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து மலையில் மோதியது. இறந்தவர் 520 பேர்; பிழைத்தவர் நால்வர். பழுது பார்த்த இடத்தில் மறைந்திருக்கும் பழுது, காலம் பார்த்துக் காத்திருக்கும்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இடப்பக்கம் பள்ளம் உள்ள திருப்பத்தில், இடப்பக்கம் இழுக்கும் காரில், அந்த இளம் ஆசிரியர்களை ஏற்றிச் செல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே, குறை தீரும்வரை காரில் மலையேறுவதில்லை என்று முடிவு செய்தேன். அம்மாதம் பேருந்தில் சென்றேன்.

மறுமுறை பட்டறைக்குச் சென்றபோது என்னிடம் சினம் இல்லை, தாள்கள் இருந்தன. பழுது பார்த்த நாள், அன்று கார் ஓடியிருந்த தூரம், ஒவ்வொரு சோதனையின் முடிவு, பொறியின் அச்சுத்தாள் ஆகியவற்றை ஒரு கடிதத்துடன் இணைத்துக் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றேன். முதலில், ஓசையைப் பற்றித் தவறாகப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். தலைவர் தாள்களை இருமுறை படித்தார். காரை மேலே தூக்கி, என்னையும் கீழே அழைத்துக் காட்டினார். “கண்ணுக்குத் தெரியவில்லை ஐயா, அளவில் தெரிகிறது” என்றார். கட்டணம் கேளாமல் புதிய உறுப்பைப் பொருத்தி, பழையதை என் கையில் கொடுத்தார். கார் நேராக ஓடியது.

எல்லாரும் அவ்வாறு இசைவர் என்று சொல்ல முடியாது. காப்பீட்டின் மூலம் வேலை நடந்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே எழுதவேண்டும். முதலில் புலப்படாத சேதத்தை மதிப்பீட்டாளர் மீண்டும் பார்வையிடும்படி கேட்கலாம். அதற்குமுன் அந்த உறுப்பை மாற்றிவிடலாகாது. அதன் பிறகும் தீர்வு இல்லையேல், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. சேவைக் குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றி நாமே வாதிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும். எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது சான்றுதான்.

அந்த வளைந்த இரும்பு இன்று என் மேசைமேல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, எங்கே வளைந்திருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலோர் நேராக இருக்கிறது என்றே சொல்வார்கள். பிறகு அளவுகோலைக் கொடுப்பேன். பனம்பழம் விழுந்தது காக்கையாலா, காற்றாலா, காம்பு முதிர்ந்ததாலா என்பதை நம் கோபம் சொல்லாது, அளவுகோல் சொல்லும். ஜாக்கியின் ஓசைக்குப் பட்டறையைப் பழித்த நானும், இழுப்புக்குச் சாலையைப் பழித்த அவரும் அளக்காமல் பேசியவர்களே. அளந்த பிறகு எங்களுக்குள் வழக்கு இல்லாமற் போயிற்று.