குகேஷ் ஜெயிச்ச கடைசி ஆட்டம்: பிஎஃப் பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



2024 டிசம்பர் 12, சாயங்காலம். கல்லிடைக்குறிச்சி வீட்டுல மொபைலும் கையுமா உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர்ல உலக செஸ் சாம்பியன்ஷிப்போட 14-வது ஆட்டம். நம்ம சென்னைப் பையன் குகேஷும் சீனாவோட டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளி. எட்டிப் பார்த்த மாமா, "டிரா தாம்ல, காப்பியைக் குடி"ன்னுட்டுப் போயிட்டாரு.

மாமா சொன்னது தப்பில்ல. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷ்கிட்ட ஒரு சிப்பாய் கூட. டிங் பொறுமையா ஆடியிருந்தா டிரா, மறுநாள் டை-பிரேக்.

ஆனா 55-வது நகர்த்தல்ல, யானைக்கு யானை மாத்திக்கலாம்னு டிங் வந்தாரு. சரிக்குச் சரி தானே? சிக்கல் அங்கதான். அவரோட பிஷப் பலகையோட மூலையில இருந்துச்சு. யானைங்க போனதும், அந்த பிஷப்பையும் மாத்தியே ஆகணும்ங்கிற நிலைமையை குகேஷ் உண்டாக்கிட்டாரு. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அதுல அந்த ஒரு சிப்பாய் போதும். 58-வது நகர்த்தலோட ஆட்டம் முடிஞ்சுது. 18 வயசுல குகேஷ் உலக சாம்பியன்! மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர்ல அவருக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம்.

கை மாறுனது சமம்தான். பலகையில மிச்சம் நின்னதுதான் சமமில்ல.

இப்போ உங்க கதைக்கு வருவோம். வேலை மாறும்போது, "பழைய பிஎஃப்ல ஒன்றரை லட்சம் தானே, எடுத்து பைக் லோனை அடைச்சிடலாம்"னு தோணும். உங்க பணம், உங்க கைக்கே வருது. சரிக்குச் சரி மாதிரிதான் தெரியும். ஆனா மிச்சம் என்ன?

- 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா, பொதுவா வரி உண்டு. புது கம்பெனி கணக்குக்கு மாத்துனா, பழைய சர்வீஸும் சேர்ந்தே கணக்காகும்.
- 2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25%. இதே வட்டி 25 வருஷம் கிடைச்சா, அந்த ஒன்றரை லட்சம் சுமார் 10.9 லட்சம்.

ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி நிஜமான அவசரம்னா எடுங்க, தப்பே இல்ல. "ஒரு தலைவலி ஒழிஞ்சா போதும்"ங்கிற அவசரம்னா மட்டும் ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்க. மாத்துன யானை திரும்ப பலகைக்கு வராது.

யுஏஎன் வச்சு பிஎஃப்பை ஆன்லைன்ல எப்படி மாத்துறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம். வரட்டா!