உருளும் துளியும் ஒட்டும் துளியும்

பற்றின்றி வாழ்பவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர் போன்றவர்’ என்பது நம்மவர் வழக்கு. இலைமேல் முத்தெனத் திரண்ட நீர், இலை சற்றே சாய்ந்தாலும் உருண்டோடிவிடுகின்றது. சிவப்பு ரோசா இதழின்மீதும் நீர் அவ்வாறே திரள்கின்றது. ஆனால் இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சிறு துளி விழுவதில்லை! இரண்டும் நீரை விலக்கும் பரப்புகளே. அங்ஙனமாயின், ஒன்று துளியை ஓடவிடுவதும் மற்றது பற்றிக்கொள்வதும் எதனால்?

தாமரை இலையை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கினால், அது வழவழப்பானதன்று, கரடுமுரடானது என்பது புலனாகும். மில்லிமீற்றரின் 100இல் ஒரு பங்களவான மேடுகள் அதில் நெருங்கி நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறக்குறைய 100 நானோமீற்றர் பருமனுள்ள மெழுகுக் குழாய்கள் படர்ந்துள்ளன. நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் 10 இலட்சத்தில் ஒரு பங்காகும். மேடுகளிடையே காற்றுத் தங்குவதால், துளி அவற்றின் நுனிகளை மட்டுமே தொடுகின்றது. பற்ற இடமின்றி உருள்கின்றது. தூசியையும் வாரிச் செல்கின்றது. இதனை ஜேர்மனியின் பொன் நகரத் தாவரவியலறிஞர் பார்த்லொட்டும் அவருடன் ஆராய்ந்த நைன்ஹூயிசும் 1997இல் விளக்கினர்.

ரோசாவின் இரகசியத்தைச் சீன விஞ்ஞானிகள் 2008இல் வெளியிட்டனர். இதழின் மேடுகளிடையேயுள்ள பெரிய இடைவெளிகளுள் நீர் புகுந்துவிடுகின்றது. மேடுகளின் நுண்மடிப்புகளுள் மட்டும் காற்று எஞ்சுகின்றது. ஆகவே துளி உருண்டையாயிருந்தும் வேரூன்றியதுபோல் நிற்கின்றது. துளி பெரிதானால் தன் பாரத்தாலேயே விழும்.

அமைப்பே இதற்குக் காரணமெனின், வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாமன்றோ? உருளவிடும் பரப்புச் சுவரைத் துப்புரவாக வைத்திருக்கும். பற்றும் பரப்பு, ஆய்வுகூடத்தில் ஒரு சிறு துளியைச் சிந்தாமல் இடம் மாற்ற உதவும். ஒரே பரப்பின் இயல்பை மாற்றவும் முடியும். நாகவொட்சைட்டு நுண்கோல்களாலான படலம் நீரை விலக்கும். ஊதாக்கடந்த ஒளி பட்டதும் அதன்மேல் நீர் பரவும். சில நாள் இருளில் வைத்தால் மீண்டும் விலக்கும். இது 2004இல் காட்டப்பட்டது.

எனினும் ஒரு பெருங்குறையுண்டு. இத்தகைய நுண்ணமைப்புகள் உராய்வில் எளிதில் தேய்ந்துவிடும். உயிருள்ள தாவரங்கள் பல, இழந்த மெழுகை மீண்டும் சுரந்துகொள்கின்றன. சுவர்ப்பூச்சு அவ்வாறு செய்யாது. விஞ்ஞானிகள் இன்று பெரிதும் முயல்வது, தேய்வைத் தாங்கும் பரப்பை ஆக்குவதற்கே.

மாணவர்களே, இதனை நீங்களே சோதித்தறியலாம். தாமரை இலையின் ஒரு பாதியை விரலால் அழுத்தித் தேயுங்கள். மறு பாதியைத் தொடாது விடுங்கள். பின்னர் இரண்டிலும் ஒவ்வொரு துளி நீரிட்டு, இலையைச் சாய்த்துப் பாருங்கள். தொடாத பாதியில் துளி ஓடிவிடும். தேய்த்த பாதியிலோ தயங்கி நிற்கும்.