உத்திரம் இற்றுப் போனால் வீட்டை இடிக்கணுமா?

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மறுநாள் காலை பட்டாசாலையைப் பெருக்கப் போனால், தரையெல்லாம் மண்ணும் மரத்தூளும் உதிர்ந்து கிடக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனாரின் தகப்பனார் கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டுத் தேக்குத் தூண்கள்.

"இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுரலாம் மதினி" என்றார் கொழுந்தனார். பழைய மரம் வாங்குகிறவர் ஒருவர் தூண்களுக்கு விலை பேசவே வந்துவிட்டார்! என் மாமியார்தான், "முதல்ல ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று நிறுத்தி வைத்தார்.

வந்த ஆசாரிக்கு எழுபது வயதிருக்கும். ஏணியில் ஏறி, கொட்டாப்புளியால் உத்திரத்தை நெடுகத் தட்டிக் கேட்டார். 'டங்' என்றால் நல்ல கட்டை, 'பொத்' என்றால் உள்ளே கூடு. பிறகு என் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கிக் கறுத்த இடத்தில் குத்தினார். சுலபமாக இறங்கியது. ஒரு முழம் தள்ளிக் குத்தினார். ஊசிதான் வளைந்தது.

"நுனி மட்டும்தான் தாயி போயிருக்கு. மத்ததெல்லாம் வைரம்" என்றார்.

இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும், இந்த வீடு எப்படி நிற்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தூண் மண்ணைத் தொடுவதே இல்லை. அடியில் கல் பீடம். அதில் ஒரு குழி. தூணின் அடியில் செதுக்கிய கழுந்து அந்தக் குழிக்குள் உட்காருகிறது. ஈரமும் கரையானும் நேரே ஏற முடியாது. (நார்வே நாட்டில் 800 வருஷமாக நிற்கும் மரத்தாலான மாதா கோயில்களிலும் மரம் மண்ணில் படாமல் கல்லின் மேல்தான் நிற்கிறதாம்.) தூணின் தலையிலும் ஒரு கழுந்து. அது போதிகைக்குள் ஏறுகிறது. போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்குகிறது. உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதுதான் மாடித் தளம். மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அதுதான்.

தூணிலோ போதிகையிலோ ஓர் ஆணிகூட இல்லை. கோத்ததைப் பிரிக்கலாம், பிரித்ததைத் திரும்பக் கோக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் விலைக்கு நிற்பது இதனால்தான். பர்மாவில் தொழில் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த தேக்கு அது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அந்த வாழ்வு முடிந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

தேக்குக்கு வசதியில்லாத கிராமங்களில் கூரைக்குப் பனைதான். தேக்குக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே என்றார் ஆசாரி. பனையின் நடுச்சோறு உதவாது. ஓரத்துக் கறுப்புக் கட்டைதான் கைமரம்.

சரி, எங்கள் உத்திரத்துக்கு என்ன வந்தது? மாடித் தூம்பில் இலைதழை அடைத்திருந்தது. அதனடியில்தான் நான் தினமும் துணி துவைப்பேன்! தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, எப்போதோ ஒரு கொத்தனார் உத்திர நுனியைச் சுற்றிச் சிமெண்டை அடைத்துப் பூசிவிட்டார். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை.

முதலில் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கினார்கள். இற்ற நுனியைச் சாய்வாக அறுத்து, அதே சாய்வில் பழைய தேக்குத் துண்டை ஒட்டவைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். புது மரம் காய்ந்து சுருங்குமாம், அதனால்தான் பழையது. சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றி விரல் நுழைகிற அளவு காற்றுக்கு இடம் விட்டார்கள். அந்த இடைவெளியை மட்டும் யாரும் அழகு பார்த்துப் பூசிவிடக் கூடாதென்று ஆசாரி இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தனார் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு ஐப்பசி போகட்டும் மதினி, பார்ப்போம்" என்கிறார். துவைக்கிற கல்லைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டேன்.