உங்களுக்குத் தெரியுமா? கஞ்சாவுக்கும் உரிமம் இருந்தது!

இன்று சென்னையை அடுத்த முடிச்சூரில் ஒருவர் கஞ்சா வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அது அரசுக்கு வருமானம்! சென்னை மாகாணத்தில் உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்றார்கள்.

1893இல் அமைந்த இந்தியக் கஞ்சா போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்தது. முழுத்தடை வேண்டாம், வரி, உரிமம் மூலம் கட்டுப்படுத்தினால் போதும் என்றது அதன் அறிக்கை. கஜானாவுக்கும் அது கசக்கவில்லை.

நிலைமையை மாற்றியது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், அதில் 'கஞ்சா' என்பது பூவும் காயுமான நுனிப்பகுதி மட்டுமே. தனி இலை சேராது. அதனால்தான் உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இலையில் செய்யும் பாங் விற்கும் கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன.

தமிழ்நாட்டில் அந்தக் கதை செல்லாது. 1985 சட்டப்படி, 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல்.