ஒரு கம்பம், இரண்டு பெயர்!

நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் என்று ஒரு பகுதி. அதில் ஃபிளஷிங் என்று ஒரு பேட்டை. அந்தப் பேட்டையில் பௌன் தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவுக்கு நம் ஊர்க்காரர்கள் யாராவது வழி கேட்டால், காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று பிள்ளையார், மற்றொன்று தோசை. கோயிலின் அடித்தளத்திலேயே சிற்றுண்டிச் சாலை இருப்பதால் இரண்டு காரியமும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. எதை முதலில் முடிப்பது என்பது அவரவர் பக்தியையும் பசியையும் பொறுத்தது!

2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தத் தெருவின் கம்பத்தில் புதிதாக ஒரு பலகை ஏறியது. 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் பழைய பலகையை யாரும் கழற்றவில்லை. 'பௌன் ஸ்ட்ரீட்' என்ற பெயரும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரே கம்பம், இரண்டு பெயர்.

இதுதான் நியூயார்க்காரர்களின் சாமர்த்தியம். கௌரவப் பெயர் என்பது அங்கே தெருவுக்குச் சூட்டும் ஒரு பட்டம் மாதிரி. ராவ்பகதூர் பட்டம் வந்ததற்காக ராமசாமி தம் பெயரைத் தொலைத்துவிடவில்லை அல்லவா? அதே போலத்தான். தபால் பழைய பெயருக்கே வரும். பத்திரம், லைசென்ஸ், வரி ரசீது எதையும் திருத்த வேண்டியதில்லை. கௌரவத்துக்குக் கௌரவமும் ஆயிற்று, குடித்தனக்காரர்களுக்குத் தொந்தரவும் இல்லை.

அது சரி, இந்தப் பௌன் யார்? அவரைத் தெரிந்துகொண்டால், பிள்ளையார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

ஜான் பௌன் சுமார் 360 வருஷங்களுக்கு முன்னால் ஃபிளஷிங்கில் குடியிருந்த ஆங்கிலேயர். அப்போது அந்தப் பிரதேசம் டச்சுக்காரர்கள் வசம் இருந்தது. பீட்டர் ஸ்டைவசென்ட் என்ற கவர்னர் ஆண்டு வந்தார். தம்முடைய மதப் பிரிவைத் தவிர வேறு எதுவும் தலையெடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. குவேக்கர்கள் என்ற பிரிவினரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பௌனின் மனைவி ஹன்னா இந்தக் குவேக்கர்களின் பிரார்த்தனைக்குப் போக ஆரம்பித்தாள். பகிரங்கமாகக் கூட முடியாதாகையால் காட்டுக்குள்ளே கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். 'இவள் எங்கேதான் போகிறாள், பார்ப்போமே!' என்று பௌனும் கூடப் போனார். போனவர் அங்கேயே மனத்தைக் கொடுத்துவிட்டார். அப்புறம் காடு எதற்கு? தம் வீட்டுக் கூடத்தையே பிரார்த்தனைக்குத் திறந்துவிட்டார்.

1662-ல் கவர்னர் அவரைக் கைது செய்தார். அபராதம் கட்டச் சொன்னார். பௌன் கட்ட மறுத்தார். கடைசியில் கப்பலேற்றி நாடு கடத்திவிட்டார்கள். பௌன் சும்மா இருக்கவில்லை. ஹாலந்துக்கே போய், கவர்னருக்கு எஜமானர்களான டச்சுக் கம்பெனியாரிடம் தம் வழக்கை எடுத்துச் சொன்னார். 1663-ல் கம்பெனியார் கவர்னருக்குக் கடிதம் எழுதினார்கள்: அவரவர் மனச்சாட்சிப்படி வழிபடட்டும், தொந்தரவு செய்யாதே என்பது அதன் சாரம். பௌன் வெற்றியோடு திரும்பி வந்தார். அவர் கட்டிய வீடு இன்றும் அதே தெருவில் இருக்கிறது.

ஹன்னா என்ன ஆனாள்? அவளும் பெரிய பிரசாரகியாகி, அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலில் கடல் கடந்து ஐரோப்பா சென்றாள். 1678-ல் லண்டனில் காலமானாள். காட்டுக்கு முதலில் போனவள் அவள். தெருவுக்கு வாய்த்ததோ குடும்பப் பெயர். கணவர் பெயரில் மனைவியும் அடக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

அந்தத் தெருவில் பிள்ளையார் குடியேறிய கதை வேறு. தமிழ்நாட்டிலிருந்து சென்று ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன் என்பவரும் நண்பர்களும் 1970-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ரஷ்ய கிறிஸ்தவக் கோயில் ஒன்று இருந்த இடத்தை வாங்கினார்கள். 1977-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, மகா வல்லப கணபதிக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. வழிபாட்டுச் சுதந்திரத்துக்காக நாடு கடத்தப்பட்டவரின் தெருவில் கருங்கல் பிள்ளையார்!

இந்த மாதிரிப் பெயரை யார் தீர்மானிக்கிறார்கள்? மேயர் நினைத்தால் வைத்துவிட முடியாது. முதலில் தெருவாசிகளோ, குடும்பத்தாரோ, ஒரு சங்கமோ மனு எழுதி, அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நியூயார்க்கில் 59 வட்டாரக் குழுக்கள் உண்டு. அங்கத்தினர்களுக்குச் சம்பளம் கிடையாது. மனு அங்கே விசாரணைக்கு வரும். இந்த மனிதர் இந்த வட்டாரத்துக்கு என்ன செய்தார்? இங்கே வாழ்ந்தவர்தானா? காலமாகி எத்தனை வருஷம் ஆயிற்று? குழுவுக்குக் குழு விதிகள் மாறும். காலமானவர்களுக்குத்தான் பெயர் என்பது மட்டும் பெரும்பாலும் பொதுவான வழக்கம். உயிரோடிருப்பவர் நாளைக்கு என்ன செய்வாரோ, யார் கண்டது!

குழு சரி என்றால், அந்த வட்டாரத்தின் நகரசபை அங்கத்தினர் பெயரைச் சபைக்குக் கொண்டுபோவார். சபையில் மொத்தம் 51 பேர். பெயர்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை; பல பெயர்களைச் சேர்த்து ஒரே மசோதாவாகக் கட்டி நிறைவேற்றுவார்கள். மேயர் சம்மதம் ஆனதும் போக்குவரத்து இலாகா ஆள் ஏணியோடு வந்து பலகையை மாட்டுவார். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்த நகரத்தில் தொங்குகின்றன. 2001 செப்டம்பர் கோரத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் பலரின் பெயர்கள் அவர்கள் வாழ்ந்த தெருமுனைகளில் இருக்கின்றன. காய்கறிப் பையுடன் திரும்பி வரும் ஒரு தாய் தினமும் மகன் பெயரைத் தலைக்கு மேலே பார்க்கிறாள் என்றால், அது வெறும் தகரப் பலகையா?

எல்லா மனுவும் ஜயித்துவிடுவதில்லை. 2007-ல் புரூக்ளின் பகுதியில் சன்னி கார்சன் என்ற கறுப்பினத் தலைவரின் பெயர் வந்தபோது பெரிய ரகளை. போதைப் பொருள் வியாபாரிகளை விரட்டியவர் என்றது ஒரு கட்சி; இனத்துவேஷமாகப் பேசியவர் என்றது எதிர்க்கட்சி. ஓட்டெடுப்பில் அந்தப் பெயர் தோற்றது. எப்போதும் தலையாட்டி நிறைவேற்றும் விஷயத்தில் சபை இப்படி மறுத்தது வெகு அபூர்வம்.

அதே 2007-ல் நடந்த இன்னொரு விவகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. புரூக்ளினில் கார்பின் பிளேஸ் என்று ஒரு தெரு. ஆஸ்டின் கார்பின் என்ற பழைய ரயில்வே முதலாளியின் பெயர். அந்த மனிதர் தம் கடற்கரை ஹோட்டலில் யூதர்கள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றவர். இப்போது அந்தத் தெருவில் யூதக் குடும்பங்களே நிறைய! பெயரை மாற்று என்று சிலர் கிளம்பினார்கள். விலாசத்தை மாற்ற நாங்கள் படப்போகும் அவஸ்தை உங்களுக்குத் தெரியுமா என்று தெருவாசிகள் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலிக்கு மார்கரெட் கார்பின் ஞாபகம் வந்தாள். அமெரிக்க சுதந்திரப் போரில், 1776-ல், பீரங்கிப் பக்கத்தில் கணவன் விழுந்ததும் அவன் இடத்தில் நின்று சுட்டவள். படுகாயம் பட்டவள். ராணுவப் பென்ஷன் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி. இனிமேல் இந்தத் தெரு அந்தக் கார்பினுடையதல்ல, இந்தக் கார்பினுடையது என்று நகரசபை அறிவித்தது. பலகையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டாள்!

பள்ளிக் குழந்தைகள் வாங்கித் தந்த பெயரும் ஒன்று உண்டு. 1854-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பின உபாத்தியாயினி, கோயிலில் ஆர்கன் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டதே என்று குதிரை டிராமில் ஏறினாள். கண்டக்டர் இறங்கச் சொன்னான். அவள் இறங்கவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். போலீஸ்காரரின் உதவியோடு பலவந்தமாகத் தள்ளினார்கள். அவள் வழக்குப் போட்டாள். அவளுக்காக வாதாடிய இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர் பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியே ஆனார். 1855-ல் அவள் பக்கம் தீர்ப்பாயிற்று. நஷ்டஈடு 225 டாலர். பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த ரோஸா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்கு நூறு வருஷத்துக்கு முந்திய கதை இது. ஊர் மறந்தே போயிருந்தது. நியூயார்க் பள்ளிக்கூடம் ஒன்றில் இதைப் பாடமாகப் படித்த சிறு குழந்தைகள் கையெழுத்து வாங்கினார்கள், மனுப் போட்டார்கள். 2007-ல் பார்க் ரோ தெருமுனையில், அவளைத் தள்ளிவிட்ட இடத்துக்கு அருகிலேயே, 'எலிசபெத் ஜென்னிங்ஸ் பிளேஸ்' பலகை ஏறியது.

சிகாகோ நகரில் கௌரவப் பெயர்ப் பலகை பழுப்பு நிறத்தில் தனியாகத் தெரியும். சுவாமி விவேகானந்தர் 1893-ல் பேசிய மண்டபத்துக்கு எதிரேயுள்ள மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 1995-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அதே ஊரில் டெவன் அவென்யூ என்று ஒரு கடைவீதி. புடவை, நகை, மளிகை எல்லாம் கிடைக்கும். அதில் ஒரு பகுதிக்கு மகாத்மா காந்தியின் பெயர், இன்னொரு பகுதிக்கு ஜின்னாவின் பெயர், வேறொன்றுக்கு வங்கத்து முஜிபுர் ரஹ்மானின் பெயர், மற்றொன்றுக்கு இஸ்ரேல் பிரதமராயிருந்த கோல்டா மேயரின் பெயர். காந்தியும் ஜின்னாவும் ஒரே தெருவில், சண்டையில்லாமல்!

நம் சென்னையில் இந்த இரட்டைப் பலகை வழக்கம் கிடையாது. மாநகராட்சியின் தீர்மானமும் அரசாங்கத்தின் ஒப்புதலும் ஆகிவிட்டால், பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்துவிடும். 2023-ல் மந்தைவெளியில் டி. எம். சௌந்தரராஜனுக்கு ஒரு சாலை கிடைத்தது. பாடகர் வாழ்ந்த பேட்டையிலேயே அவர் பெயர் என்பது நல்ல பொருத்தம். ஆனால் ஜனங்களின் நாக்கு லேசில் திரும்புகிறதா? அண்ணா சாலை வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் 'மவுண்ட் ரோடு' என்றால்தான் சிலருக்குப் புரிகிறது. பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். நாமும் இரண்டு பெயர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம், கம்பம் மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை!

சென்னையில் பெண்மணிகளின் பெயர் கொண்ட பெரிய சாலைகளை எண்ண ஆரம்பித்தால், எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை வரும். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1946-ல் சென்னை மாகாணத்தின் முதல் பெண் மந்திரியானவர் அவர். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி சாலை. அதை எல்லோரும் எல். பி. ரோடு என்றே சொல்கிறார்கள். பக்கத்திலேயே துர்க்காபாய் தேஷ்முக் சாலை. திருவல்லிக்கேணியில் பெசன்ட் சாலை. விரல்கள் இன்னும் மிச்சமிருக்கின்றனவே என்று, ராயப்பேட்டைப் பக்கம் பழைய லாயிட்ஸ் ரோடு பெற்றிருக்கும் ஔவை சண்முகம் சாலையையும் சேர்த்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். சேர்க்க முடியாது. அவர் டி. கே. சண்முகம், மேடையில் ஔவைப் பாட்டி வேஷம் கட்டிப் புகழ் பெற்ற ஆண்பிள்ளை!