உங்களுக்குத் தெரியுமா? நான்கு டாலர் போர்டில் ஒரு லாஜிக் அனலைசர்

இணைப்பெல்லாம் சரி, புரோகிராமிலும் பிழை தெரியவில்லை. டிஸ்ப்ளே மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் 3.3 வோல்ட் வருகிறது என்கிறது. ஒயருக்குள் நொடிக்கு லட்சம் முறை ஏறி இறங்கும் ஒன்றும் பூஜ்யமும் அதற்குத் தெரியாது. அதைப் பிடித்துக் காட்டும் கருவி லாஜிக் அனலைசர். மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று கையில் இருந்தால் அதை நாமே செய்துகொள்ளலாம்.

● 1973-இல் ஹியூலெட்-பேக்கார்ட் வெளியிட்ட 5000ஏ என்ற கருவிதான், லாஜிக் அனலைசர் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தவற்றில் அநேகமாக மிகப் பழையது. அதற்குத் திரை கிடையாது. வரிசைக்கு 32 எல்இடியாக இரண்டு வரிசை, சேனலும் இரண்டுதான். அடுத்து வந்த 1601எல் 12 சேனல்களைப் பார்த்தது. ஆனால் அதைச் செருக ஓர் ஆசிலாஸ்கோப் வேண்டும்.

● ஆர்டுயினோ ஊனோவையே அனலைசராக மாற்றும் ஃபர்ம்வேர் ஓப்பன் சோர்ஸில் கிடைக்கிறது. ஊனோவின் சிப் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. நொடிக்கு 40 லட்சம் சாம்பிள் எடுக்க வேண்டுமானால், ஒரு சாம்பிளுக்கு நான்கே துடிப்பு. பின்னைப் படிக்க ஒரு துடிப்பு, ரேமில் எழுத இரண்டு. மிச்சம் ஒன்று. 'திரும்பப் போய் மறுபடி செய்' என்று சொல்லக்கூட அது போதாது. அதனால் லூப் என்பதையே விட்டுவிட்டு, படி-எழுது, படி-எழுது என்று அடுத்தடுத்து ஆயிரம் முறை புரோகிராமில் எழுதி வைத்திருக்கிறார்கள். அழகான கோட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதைதான் வருகிறது.

● அந்த ஊனோவுக்கு உண்மையான தடை வேகம் அல்ல, ரேம். இருப்பது 2 கிலோபைட். அதில் 1,024 சாம்பிள் கொள்ளும். நொடிக்கு 40 லட்சம் என்று எடுத்தால் 256 மைக்ரோ நொடியில் இடம் நிறைந்துவிடும். 9600 பாட் சீரியலில் ஓர் எழுத்து போய்ச்சேரவே ஏறக்குறைய 1,042 மைக்ரோ நொடி ஆகும். அதாவது, முழு வேகத்தில் ஓட்டினால் கால் எழுத்துதான் சிக்கும்! நொடிக்கு 1 லட்சம் என்று குறைத்துக்கொண்டால் பத்து எழுத்து வரை கிடைக்கும். கருவி வாங்கும்போது எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். முதலில் ரேமைக் கேட்க வேண்டும்.

● ராஸ்பெர்ரி பை பீக்கோ 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் வந்தது. ரேம் 264 கிலோபைட். அதைவிட முக்கியம், அதன் ஆர்பி2040 சிப்புக்குள் இருக்கும் பிஐஓ என்ற பகுதி. பின்களைக் கையாள்வதற்கென்றே எட்டுக் குட்டி இயந்திரங்கள் அதில் இருக்கின்றன. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒரு சாம்பிள் எடுக்கும். டிஎம்ஏ என்ற இன்னொரு பகுதி அதை அப்படியே ரேமில் கொண்டுபோய்க் கொட்டும். ஊனோவில் ஆயிரம் வரி எழுதிச் செய்த வேலைக்கு இங்கே ஒரே ஒரு கட்டளை. பீக்கோவோடு தரப்படும் மாதிரி புரோகிராம்களிலேயே ஒரு லாஜிக் அனலைசர் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சிறியதுதான். எட்டு சேனல், நொடிக்கு 10 கோடி சாம்பிள் என்று வைத்தால் 2 லட்சம் பைட்டில் 2 மில்லி நொடி பதிவாகும்.

● ரேமே தேவையில்லாத வழியும் உண்டு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் எட்டு சேனல் பெட்டிகள் பலவற்றில் இருப்பது சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 என்ற யுஎஸ்பி சிப். பிடித்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனுக்குடன் கணினிக்குத் தள்ளிவிடும். நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் சாம்பிள். அதற்கான ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரும் பெட்டிக்குள் தங்குவதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினிதான் அதை அனுப்பி வைக்கிறது.

● சம்ப் என்றொரு எளிய பேச்சுமுறை. கணினி 2 என்ற பைட்டை அனுப்பினால், போர்டு '1ஏஎல்எஸ்' என்று நான்கு எழுத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். 1 வந்தால் பதிவைத் தொடங்க வேண்டும். எஃப்பிஜிஏ திட்டம் ஒன்றுக்காகப் பிறந்த இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்ட எந்த போர்டும் அனலைசர் ஆகிவிடலாம். ஊனோ அப்படித்தான் ஆனது.

● சிக்ராக் என்பது ஜிபிஎல் உரிமத்தில் வரும் இலவச மென்பொருள். பல்ஸ்வியூ அதன் திரைமுகம். ஏறி இறங்கும் கோடுகளை எழுத்தாகவும் எண்ணாகவும் பெயர்த்துச் சொல்லும் டிகோடர்கள் அதில் நூற்றுக்கும் மேல். எல்லாமே பைத்தானில் எழுதியவை. திறந்து படிக்கலாம், தேவையானதைச் சேர்க்கலாம்.

● முதலில் சொன்ன கறுப்பு டிஸ்ப்ளே என் மேசையில் கிடந்ததுதான். சின்ன ஓஎல்இடி, ஐ2சி இணைப்பு. முகவரி ஹெக்ஸ் 78 என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருந்தது. அதையே புரோகிராமில் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் ஒயரை மாற்றினேன், சால்டர் வைத்த இடங்களை மறுபடி சூடாக்கினேன். கடைசியில் பீக்கோவை அனலைசராக்கி இரண்டு கிளிப்பை மாட்டினேன். திரையில் முகவரி போகிறது. ஒன்பதாவது கிளாக்கில் டிஸ்ப்ளே டேட்டா கோட்டைக் கீழே இழுத்து 'வந்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். கோடு மேலேயே நின்றது. கூப்பிட்ட பெயரில் அங்கே ஆளே இல்லை! அச்சிட்டிருந்தது எழுது-படி பிட்டையும் சேர்த்த எட்டு பிட் கணக்கு. ஆர்டுயினோவின் ஐ2சி லைப்ரரிக்கு வேண்டியதோ ஏழு பிட். 78-ஐ ஒரு பிட் வலப்பக்கம் தள்ளினால் 3சி. அதைப் போட்டதும் எழுத்து ஒளிர்ந்தது. இந்த டிஸ்ப்ளே வாங்கும் மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

● பார்க்கப்போகும் சிக்னலைவிடக் குறைந்தது நான்கு மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுங்கள்.

● பீக்கோவின் பின்களுக்கு 3.3 வோல்ட்தான். 5 வோல்ட் சர்க்யூட்டில் நேராக மாட்டினால் சிப் போய்விடும். நடுவில் 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 ஒன்றை வைத்தால் போதும். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்; சேர்க்காவிட்டால் திரையில் வருவது வெறும் குப்பை. அந்தக் கிரவுண்ட் யுஎஸ்பி வழியாக உங்கள் கணினி வரை போகிறது. ஆகவே, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே கரண்டில் ஓடும் எல்இடி பல்பு டிரைவர் போன்றவற்றில் கிளிப்பைக் கொண்டுபோகவே கூடாது. கணினி மட்டுமல்ல, உயிரும் போகும்.

● 2024 ஆகஸ்டில் ஐந்து டாலருக்கு வந்த பீக்கோ 2-இல் ரேம் 520 கிலோபைட். ஆனால் முதலில் வந்த சிப்புகளில் ஒரு கோளாறு: பின்னைக் கீழே இழுத்து வைக்கும் உள் புல்-டவுனைப் போட்டாலும், அந்தப் பின் கீழே இறங்காமல் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே மாட்டிக்கொண்டு நின்றது. பஸ் பைரேட் என்ற ஓப்பன் சோர்ஸ் சோதனைக் கருவியை அந்தச் சிப்பில் செய்தவர்களே அதைக் கண்டு சொன்னார்கள். பழைய சிப் கையில் இருந்தால், வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைந்த ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கு இழுத்துக் கட்டுங்கள்.

● தொடங்க நல்ல பயிற்சி, டிவி ரிமோட். மூன்று கால் இன்ஃப்ராரெட் ரிசீவர் ஒன்றை ஊனோவில் மாட்டி, நொடிக்கு 10,000 சாம்பிள் என்று வையுங்கள். என்இசி வகை ரிமோட் ஒரு பட்டனுக்கு அனுப்பும் செய்தி மொத்தம் ஏறக்குறைய 68 மில்லி நொடி. ஊனோவின் 1,024 சாம்பிளுக்குள் 102 மில்லி நொடி அடங்கும். முதலில் 9 மில்லி நொடி நீளும் ஒரு பள்ளம், பிறகு 4.5 மில்லி நொடி மேடு, அதற்குப் பின் வரிசையாக 32 பிட். வால்யூம் பட்டனை ஒரு தரம் அமுக்கிவிட்டு, எண்ணிப் பாருங்கள்.